எஞ்சினுக்குச் சுதந்திரம் கூடாது

சுதந்திரம் உயிருள்ள ஒவ்வொருவருக்கும் பிறப்புரிமை என்பதில் நமக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. ஆனால் உலகத்திலே ஒரு வஸ்துவுக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுக்கவே கூடாதென்று நாம் துணிந்து சொல்லுவோம். சின்னக் காருக்குள் ஏற்றி வைத்த எஞ்சின்தான் அந்த வஸ்து. அதற்கு ஓர் அங்குல சுதந்திரம் கொடுத்தாலும், அது நம் உயிரையே கப்பமாகக் கேட்டுவிடும்.

"காருக்குள் எஞ்சினை ஏற்றும் பாக்கியம் எங்களுக்கு எங்கே வரப் போகிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். நமக்கும் அது வருமென்று நாம் நினைத்ததில்லை. திருச்சியில் உள்ள சிநேகிதர் ஒருவரின் அன்பினால் வந்தது.

சிநேகிதரிடம் அவருடைய தகப்பனார் விட்டுச் சென்ற பிரீமியர் பத்மினி கார் ஒன்று இருக்கிறது. இக்காலத்துக் குழந்தைகள் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்நிய ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே இந்த நாட்டில் கப்பலும் விமானமும் மோட்டாரும் செய்தே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டவர் வால்சந்த் ஹீராசந்த். 1919-இல் ஸிந்தியா கப்பல் கம்பெனியையும், 1940-இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையையும் தொடங்கி வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1944-இல் அவர் ஸ்தாபித்த பிரீமியர் கம்பெனிதான் பிற்பாடு பம்பாய்க் குர்லாவில் பியட் வண்டிகளைச் செய்தது. அந்த வண்டி 1970-களில் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. பம்பாயில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய பத்மினி டாக்ஸிகளில் கடைசி வண்டி 2023 அக்டோபரில் விடைபெற்றுக்கொண்டது.

சிநேகிதரின் பத்மினி மட்டும் விடைபெற மறுத்தது. ஆனால் அதன் எஞ்சின் வேறு விதமாக முடிவு செய்துவிட்டது. ஒரு நாள் அதன் உடலிலேயே விரிசல் கண்டது. திருச்சி மேஸ்திரி பார்த்துவிட்டு, "இதை ஒட்டிப் பிரயோஜனமில்லை, ஸார்! வேறு எஞ்சின்தான்" என்று தீர்ப்பளித்தார். சென்னையில் எழும்பூருக்குப் பக்கத்தில் புதுப்பேட்டை இருக்கிறது. பழைய மோட்டார்களின் கை, கால், இருதயம் எல்லாம் தனித் தனியாகக் கிடைக்கும் இடம். அங்கே அதே ஜாதி எஞ்சின் ஒன்று அகப்பட்டது. நாலு ஸிலிண்டர், 1,089 கன சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய நூறு கிலோ.

இம்மாதிரிச் சரக்குக்கு உரிய வாகனம் 'குட்டி யானை' என்று ஜனங்கள் செல்லமாக அழைக்கும் சிறு லாரிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அது கட்டுப்படியானால் அதுவே உத்தமம். ஆனால் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போய், வெறும் வண்டியாகத் திரும்பும் வாடகையையும் சேர்த்துச் சிநேகிதர் கணக்குப் பார்த்தபோது, எஞ்சினைவிட அதன் பிரயாணச் செலவு அதிகமாயிருந்தது. ஆகவே அவருடைய கடைக்கண் நம்முடைய பழைய மாருதி 800 மீது விழுந்தது. அதன் மொத்த எடையே சுமார் 650 கிலோதான்.

கோடை விடுமுறையாதலால் சிநேகிதர் தம் பத்து வயதுப் பிள்ளையையும் உடன் அழைத்து வந்திருந்தார். பையன் மகா உற்சாகத்தில் இருந்தான். "மாமா! நான் பின்னால் உட்கார்ந்து எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்!" என்றான். தகப்பனாருக்கும் அந்த யோசனை பிடித்திருந்ததாகத் தோன்றிற்று. "ஒன்றரை ஆள் எடைதானே? நாலு பேர் போகிற வண்டிதானே?" என்றார்.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் நாம் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான்.

நூறு கிலோவைச் சுமப்பது காருக்கு ஒரு பொருட்டல்ல. அதை நிறுத்துவதில்தான் சங்கடம் இருக்கிறது. கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உள்ளேயிருக்கும் எஞ்சினும் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிரேக் போட்டால் கார் நிற்கும். எஞ்சினுக்குப் பிரேக் கிடையாது. நல்ல ரஸ்தாவில் பலமாகப் பிரேக் போட்டாலே அது ஏறக்குறைய எண்பது கிலோ பலத்துடன் முன்னே பாயப் பார்க்கும். வண்டி எதன் மேலாவது மோதி, முகப்பு நசுங்கி, அரை மீட்டருக்குள் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது அந்த எஞ்சினைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய இரண்டு டன் பலம் வேண்டும். பத்து வயதுப் பையனின் இரண்டு கைகள் எம்மாத்திரம்? பீமசேனனின் கைகள்தான் எம்மாத்திரம்?

சிநேகிதர் காகிதத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலையே தகப்பனும் பிள்ளையும் ரயிலேறினார்கள். பையனுக்கு நம்மீது மனத்தாங்கல்தான். எஞ்சினோடு காரில் போவது நாம் மட்டும் என்று முடிவாயிற்று. 'நாம்' என்று பன்மையில் எழுதினாலும் ஆசாமி ஒருவர்தான் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

மறுநாள் காலையில் புதுப்பேட்டை மேஸ்திரியும் நாமுமாக வேலையைத் தொடங்கினோம். முதற்காரியமாக எஞ்சினைப் பட்டினி போட்டோம். எண்ணெயையும் தண்ணீரையும் துளி மிச்சமில்லாமல் வடித்தோம். கார்புரேட்டரிலும் பெட்ரோல் பம்பிலும் தங்கியிருந்த பெட்ரோலைத் திறந்த வெளியில் கொட்டிக் காய வைத்தோம். மூடிய காருக்குள் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் தலைவலியோடு போகாது. ஒரு பொறி போதும். கார்புரேட்டர், டைனமோ, விசிறி முதலிய சில்லறை உறுப்புக்களைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்தோம். கியர் பெட்டி ஆரம்பத்திலேயே இல்லை. எஞ்சினில் தெரிந்த துவாரங்களையெல்லாம் மூடி, எத்தனை மூடினோம் என்று ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டினோம். உள்ளே மறந்துபோன ஒரு துணிச் சுருள் பிறகு செய்யும் அநியாயத்துக்கு அளவில்லை.

அடுத்தாற்போல், எஞ்சின் எதன்மேல் உட்காருவது என்ற கேள்வி. அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியின் மேல் அதை உட்கார வைப்பது மகா பாதகம். அந்தத் தொட்டி பெரும்பாலும் மெல்லிய தகட்டினால் ஆனது. நூறு கிலோ அதன்மேல் குலுங்கினால் தகடு உள்ளே குழியும். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாய் அடைபடும். எஞ்சின் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே எண்ணெயின்றித் தேய்ந்து மடியும். பக்கவாட்டில் படுக்கப் போடுவதும் தவறு. மிச்சமிருக்கும் எண்ணெய் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்விடும். ஆகவே கனமான மரச் சட்டங்களால் ஒரு தொட்டில் செய்தோம். எஞ்சின் தன் சொந்தக் காரில் எந்தக் காதுகளால் தாங்கப்படுமோ, அதே காதுகளை மரத்தோடு போல்ட் போட்டு இறுக்கினோம். தொட்டி தரையில் படாமல் அந்தரத்தில் நின்றது. மரத்துக்கு வசதியில்லாதவர்கள் பழைய டயர் ஒன்றைப் படுக்கவைத்து அதன் நடுவில் எஞ்சினை இறக்குவதுண்டு. எடை டயரின் மேல் விழுந்து, தொட்டி நடுக் குழியில் தொடாமல் நின்றால் அதுவும் பழுதில்லை.

காருக்குள் எந்த இடம்? டிக்கியில் வைத்தால் பின்புறம் தாழ்ந்து முன் சக்கரங்களின் பிடிப்புக் குறையும்; ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்காது. மேலும், அங்கிருந்து அது புறப்பட்டால் நேரே ஓட்டுகிறவரின் முதுகுக்குத்தான் வந்து சேரும். ஆதலால் முன் ஆசனங்களில் இடப்பக்கத்து ஆசனத்தைக் கழற்றினோம். அங்கே தடித்த பலகையொன்றை விரித்து, மெல்லிய தரைத் தகட்டின்மேல் பாரம் பரவும்படி செய்தோம். அந்த இடம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது, தாழ்வாகவும் இருக்கிறது. வலப்பக்கத்தில் நம்முடைய எடைக்கு இடப்பக்கத்தில் எஞ்சினின் எடை ஒருவாறு ஈடு. எல்லாவற்றிலும் முக்கியமானது, எஞ்சின் முன்னே பாய்ந்தாலும் அதன் பாதையில் மனிதர் யாரும் இல்லை.

செயின் பிளாக்கில் தூக்கி, கதவோரத்தில் சாய்த்த பலகையின்மேல் இறக்கி, அங்குலம் அங்குலமாக உள்ளே நகர்த்தினோம். பிறகு கட்டும் படலம். தேங்காய் நார்க் கயிறும் நைலான் கயிறும் குலுங்கக் குலுங்க நெகிழ்ந்து கொடுக்கும். ஆகவே லாரிக்காரர்கள் உபயோகிக்கும் ராட்செட் பெல்ட்டுகள் நாலு வாங்கினோம். காருக்குள் எதில் கட்டுவது? கதவின் கைப்பிடியிலும், மேலே தொங்கும் பிளாஸ்டிக் பிடியிலும் கட்டுவது கட்டாததற்குச் சமானம். மனிதரைத் தாங்குவதற்கென்றே அமைத்த ஸீட் பெல்ட் போல்ட்டுகளும், ஆசனம் பொருந்தும் போல்ட் துளைகளுமே தகுந்த இடங்கள். முன்னே இழுக்க இரண்டு, பின்னே இழுக்க இரண்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியதில் பக்கவாட்டிலும் அசைய வழியில்லை. பெல்ட் இரும்பு முனையில் உரசும் இடங்களில் பழைய டியூப் ரப்பரை மடித்து வைத்தோம். கட்டி முடித்ததும் மேஸ்திரி எஞ்சினைப் பிடித்துத் தம் பலங்கொண்ட மட்டும் உலுக்கினார். எஞ்சின் ஆடவில்லை, கார்தான் ஆடிற்று. "இப்போது இது காரின் ஓர் அங்கம், ஸார்!" என்றார் அவர்.

டயர்களின் காற்றைச் சரி பார்த்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினோம். முதல் பத்துக் கிலோமீட்டரில் நிறுத்திப் பெல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தோம். மரம் அமுங்கியதால் ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது. இரண்டு பல் இறுக்கினோம். வேகம் இரட்டித்தால் மோதலின் வலிமை நாலு மடங்காகும். அதனால் நாம் ஐம்பத்தைந்தைத் தாண்டுவதில்லையென்று விரதம் வைத்துக்கொண்டோம். மற்ற கார்கள் நம்மைப் பரிகாசமாகப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போயின. செங்கற்பட்டுக்கு அப்பால் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். எஞ்சின் எண் எழுதிய ரசீதும், பத்மினியின் பதிவுச் சான்றின் நகலும் நம்மிடம் இருந்தபடியால் இரண்டு நிமிஷத்தில் விடை கிடைத்தது. எஞ்சின் மாறினால் அதன் எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்பதையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியபின் ஓரிடத்தில் ஓர் ஆட்டுக் குட்டி திடீரென்று ரஸ்தாவில் குதித்தது. அதன் பின்னாலேயே ஒரு சிறுமி ஓடி வந்தாள். பிரேக்கை நாம் மிதித்த மிதியில் டயர்கள் அலறின. பெட்டியில் இருந்த சில்லறை உறுப்புக்கள் சலசலத்தன. எஞ்சின் ஒரு விரற்கடை கூட நகரவில்லை. ஆட்டுக் குட்டியும் சிறுமியும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அந்த ஒரு கணத்தில், பக்கத்தில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு பையன் உட்கார்ந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தோம். கை நடுக்கம் நிற்க வெகு நேரமாயிற்று.

திருச்சியில் இறக்கும்போதும் ஒரு விதியைக் கடைப்பிடித்தோம். செயின் பிளாக் எஞ்சினைப் பிடித்துக்கொண்ட பிறகே பெல்ட்டை அவிழ்த்தோம். அவசரப்பட்டு முதலில் அவிழ்ப்பவர்கள்தான் கால் விரலை இழப்பது. பையன் மனத்தாங்கலை மறந்து, சீட்டைப் பார்த்து மூடிய துவாரங்களை எண்ணிச் சரி பார்த்தான்.

எஞ்சின் ஏற்றுகிறவர்கள் நூற்றில் ஒருவர் இருக்கலாம். ஆனால் காரின் பின் ஆசனத்தில் மாவரைக்கும் கிரைண்டரையும், பின் கண்ணாடியோரப் பலகையில் இஸ்திரிப் பெட்டியையும், குழந்தையின் பக்கத்தில் இருபது லிட்டர் தண்ணீர்க் குடத்தையும் வைத்துக்கொண்டு போகாத குடும்பம் எது? கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் பாரத நாட்டின் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் மாண்டதாகச் சர்க்கார் அறிக்கை கூறுகிறது. இத்தனை உயிர்களையும் கயிறு கொண்டு காப்பாற்றிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. நம் காருக்குள் இருப்பவர்களுக்கு நம் சாமானால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுகிறோம். மனிதருக்கு ஸீட் பெல்ட், சாமானுக்குக் கட்டு. இரண்டும் ஆனபிறகே சாவியைத் திருப்புக.