ஓடைக்குப் பட்ட கடன்

என் வீட்டு முன்னறையில் ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியொன்று இருக்கின்றது. வருவோர் அதன் முன்னே சிறிது நேரம் நிற்பர். நீருக்குள் இப்படியும் ஒரு தோட்டமா என வியப்பர். அப்பாராட்டைக் கேட்குந்தோறும் என் நெஞ்சில் ஒரு கூச்சம் எழும். அத்தோட்டத்தின் பெரும்பகுதி நான் கேளாமல் எடுத்த ஒன்றிலிருந்து வளர்ந்தது என்பதை அவர்கள் அறியார்.

2014ஆம் ஆண்டு பேராதனையில் வீடு கிடைத்ததும், நெடுநாளைய ஆசையொன்றை நிறைவேற்றத் துணிந்தேன். தொட்டியின் கனவளவு 24 கன அடி. விளிம்புவரை நிரப்பின் ஏறத்தாழ 680 லீற்றர் நீர் கொள்ளும். அந்நீரின் நிறை மாத்திரமே 680 கிலோகிராம். ஆகவே முதல் வேலை தோட்ட வேலையாக அமையவில்லை. சீமெந்துக் கல்லினால் மேடை கட்டி, நீர்மட்டம் வைத்துப் பார்த்து, மீண்டும் பூசி, மீண்டும் பார்த்தேன். பின்னர் தோட்டத்தைக் கடதாசியில் வரைந்தேன். பின்புறம் நாடாப்போல் நீண்டு உயரும் வலிசினேரியா, நடுவிற்குச் சற்று இடப்புறமாக ஒரு கருங்கல்லும் பழைய மரவேரும், முன்புறம் குறுந்தாவரங்கள், வலப்புறம் மீன்கள் நீந்துவதற்கு வெறுமையான மணற்பரப்பு. கல்லைச் சரிநடுவில் வைத்தால் கண் அங்கேயே தங்கிவிடும். ஒருபுறம் ஒதுக்கினால் கண் தொட்டி முழுவதும் உலாவரும். இதனைக் கற்பதற்குள் அக்கல்லைப் பலமுறை தூக்கி வைத்திருப்பேன்.

நீர் நிரப்பிய மூன்றாம் நாளே இருபது மீன்களை விட்டேன். சிங்கள மக்கள் 'லே தித்தயா' என்று வழங்கும் செந்நிறச் சிறுமீன்கள் அவை, இலங்கைக்கே உரியவை. இரண்டாம் வாரத்தில் அவை ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பதினான்கு மீன்கள் மாண்டன. நீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது. அத்தெளிவுதான் என்னை ஏமாற்றியது. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. அதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாக்கும். மற்றொருவகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். முன்னைய இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது தாவரத்திற்கு உணவு. மிக அதிகமானாலன்றி மீனுக்குத் தீங்கு செய்யாது. இப்பற்றீரியாக்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் வேண்டும். நானோ மூன்று நாள்களே கொடுத்திருந்தேன்.

இலண்டனில் றொபேட் வாறிங்ரன் என்னும் இரசாயனவியலாளர், பொன்மீன் இரண்டையும் வலிசினேரியாவையும் ஒரே பாத்திரத்தில் வளர்த்து, தாம் கண்டதை 1850இல் வெளியிட்டார். தாவரம் ஒட்சிசன் தந்தபோதும், அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அவ்விலைகளைத் தின்னும் நத்தைகளை விட்ட பின்னரே பாத்திரம் நிலைபெற்றது. கண்ணைக் கவராத உயிர்களே கண்ணைக் கவரும் உயிர்களைத் தாங்கி நிற்கின்றன என்பதை மீன்களைப் பலிகொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

எனினும் ஆசை அடங்கவில்லை. மாத்தளைப் பக்கம் சென்ற ஒருநாள், நிழல்படர்ந்த ஓர் ஓடையின் கரையோரம் கபிலமும் பச்சையும் கலந்த இலைகளோடு ஒரு செடிக்கூட்டத்தைக் கண்டேன். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த கிரிப்ரொகொரைன் அது. 'மறைந்த தண்டம்' என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள்; அதன் பூங்கொத்து மடலின் அடியிலுள்ள சிறு குடுவைக்குள் மறைந்திருக்கும். நான் கண்டது பெக்கற்றியை என்னும் இனம். 1885இல் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி றைமன் அப்பெயரை வெளியிட்டார். இவ்வினமும் இலங்கைக்கே உரியது. இவற்றையெல்லாம் பின்னர்தான் படித்தேன். அன்று நான் செய்தது, குனிந்து பன்னிரண்டு செடிகளை வேரோடு பிடுங்கி ஈரத்துணியிற் சுற்றியதுதான்.

நட்ட எட்டாம் நாள் இலைகள் கண்ணாடிபோல் வெளிறிக் கூழாய்க் கரைந்தன. இரண்டு வாரத்தில் ஓரிலைகூட எஞ்சவில்லை. எல்லாவற்றையும் கிளறி எறிய முனைந்தபோது, தாவரவியற்றுறையில் இருந்து ஓய்வுபெற்ற மூத்த விரிவுரையாளர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தவர், "தம்பி, இலைதான் போயிருக்கு. கிழங்கு உயிரோடை கிடக்கும். கிளறாமல் விடும்" என்றார்.

விட்டேன். வெறும் மணலைப் பார்த்திருத்தல் எளிதன்று. ஆறாம் வாரம் மணலைத் துளைத்துக்கொண்டு ஊசிமுனை போன்றதொரு தளிர் தோன்றியது. நீரும் ஒளியும் சடுதியாக மாறும்போது பழைய இலைகளைக் கைவிட்டு, புதிய இடத்திற்கேற்ற இலைகளை விடுவது அச்செடியின் இயல்பாம். பன்னிரண்டில் ஒன்பது பிழைத்தன.

அதன் பின்னர் நான் செய்தவற்றிற் பெரும்பாலானவை செய்யாமல் விட்டவைகளே. பத்து மணிநேரம் எரிந்த விளக்கை ஏழு மணிநேரமாக்கினேன்; கண்ணாடியை மூடிய பாசி மெல்லக் குறைந்தது. மீன்களின் உணவைப் பாதியாக்கினேன். வாரத்திற்கு ஒருமுறை நாலிலொரு பங்கு நீரை மாற்றினேன், வேர்களைத் தொடவில்லை. செடிகள் மணலுக்கடியிற் பக்கக் கன்றுகளை ஓட்டின. நான் கடதாசியில் வரைந்த எல்லைகளை அவை மதிக்கவில்லை. ஐந்தாண்டுகளில் வெறுமையாக விட்ட மணற்பரப்பிற் பாதி அவற்றின் வசமாயிற்று.

2022 மார்ச் 31ஆம் நாள் நாடெங்கும் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்நாள்களில் வடிகட்டி நின்றது, நீர் அசையவில்லை. பகலில் ஒட்சிசன் தரும் செடிகள் இரவில் மீன்களோடு சேர்ந்து அதனையே நுகர்கின்றன. தோட்டம் எத்துணை அடர்த்தியோ அத்துணை ஆபத்து. மெழுகுதிரி வெளிச்சத்தில் சருவத்தால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றியவாறு இரவுகளைக் கழித்தேன். பாலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தில் இது தகுமா என்று என்னையே கேட்டேன். ஆனால் ஓடையில் இருந்திருந்தால் அச்செடிகளுக்கு என் கை வேண்டியிராது. கொண்டுவந்து அடைத்தவன் நான்; ஊற்றுவதும் என் கடன்.

அந்த எண்ணமே என்னை மறுபடி ஓடைக்கு அனுப்பியது. 2023இல் நாற்பது கன்றுகளைப் பிடுங்கிப் பையிலிட்டு, போகும் வழியில் அப்பெரியவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் முகம் வாடிற்று.

"உம்மடை நோக்கம் நல்லது தம்பி. ஆனால் அந்த மண்ணிலை என்ன இருக்கெண்டு உமக்குத் தெரியுமோ? எத்தினை கடைச் செடியோடை, எத்தினை ஊர் மீனோடை இது கிடந்தது?"

பிறநாட்டு நத்தை முட்டையோ, நோய்க்கிருமியோ, வேறு செடியின் துண்டோ அவ்வேர்களில் ஒட்டியிருக்கலாம். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கொஸ் ஆற்றில், 1990களில், இதே பெக்கற்றியை வேரூன்றிப் பரவியிருக்கக் கண்டனர். தொட்டி வளர்த்த எவரோ கொட்டியதன் விளைவாகவே அது கருதப்படுகின்றது. அவ்வாற்றுக்கே உரிய அரிய காட்டுநெல்லுக்கு இடையூறாகுமென அஞ்சி, அதனைத் தோண்டி அகற்றப் பெருமுயற்சி வேண்டியதாயிற்று. கொட்டியவரும் நல்ல எண்ணத்துடனேயே கொட்டியிருக்கலாம்.

பையைத் திறவாமலே ஓடைக்குப் போனேன். செடிக்கூட்டம் இன்னும் இருந்தது. முன்னரிலும் சிறிதாகத் தோன்றியது. நான் பிடுங்கிய இடத்திற் கூழாங்கற்கள் மட்டும் கிடந்தன. அது என் செயலோ, இடையில் வந்த வெள்ளத்தின் செயலோ, யான் அறியேன். கரையிற் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அன்று மாலை நாற்பது கன்றுகளையும் வெயிலிற் காயவைத்துத் தேசிமரத்தடியில் எருவாகப் புதைத்தேன். இப்போது மாணவர் எவரேனும் தொட்டி வைக்க விரும்பி வந்தால் கன்று கொடுக்கின்றேன். ஓடையில் எடுக்கவும் கூடாது, ஓடையில் எறியவும் கூடாது என்று சொல்லியே கொடுக்கின்றேன். பின்னர் முன்னறைக்கு அழைத்துச் சென்று, முன்வரிசையில் நிற்கும் ஒன்பது மூத்த செடிகளைக் காட்டி, அவை எங்கிருந்து வந்தன என்பதையும் மறைக்காமற் சொல்கின்றேன்.