ஆரவாரத்தின் நடுவே ஓர் அமைதி

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு இதழ் உண்டு. செவிக்கு மட்டும் கதவு இல்லை. வேண்டியதும் வேண்டாததும் ஒருங்கே நுழையும் வாயில் அது. கேள்விக்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்துத் தந்தவர் வள்ளுவர். அவர் மொழியைப் பேசும் நாம் எதைக் கேட்கிறோம், எவ்வாறு கேட்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதுண்டா? இவ்வினாவை என் நெஞ்சில் ஆழப் பதித்தது கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் இசைத்த சிம்பொனி ஒன்று. தமிழ்த்துறை மலரில் மேலையிசைக்கு என்ன இடம் என்று மாணவ நண்பர்கள் வினவக்கூடும். நல்லதைக் கேட்பதற்குத் திசை தடையாகாது என்பதே என் விடை.

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனக் கருவிகளை வகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் துளைக்கருவிகளைத் தலைமையாகக் கொண்டது காற்றிசைக் குழு. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், சாக்சபோன், டிரம்பெட், டிராம்போன், டியூபா என மூச்சுக்காற்றால் உயிர்பெறும் கருவிகள் முன்னிற்க, முழவுகளும் மணிகளும் துணை நிற்கும். பெரிய இசைக்குழுக்களின் முதுகெலும்பாகிய வயலின் வரிசை இங்கே இல்லை. படைகளின் அணிவகுப்பிலும் விளையாட்டுத் திடலிலும் வளர்ந்த இக்குழு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அரங்கக் கலையாக உயர்ந்தது. 1952ஆம் ஆண்டில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் பிரெடரிக் பென்னல் என்னும் இசை நடத்துநர் ஒரு புதிய குழுவை அமைத்தார். ஒரு பகுதியை ஒருவரே இசைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நெறி. பத்துப்பேர் சேர்ந்து ஊதும்போது ஒருவர் தளர்ந்தால் அது வெளியே தெரியாது. ஒருவரே ஊதும்போது ஒளிந்துகொள்ள இடமேது?

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் காற்றிசைக் குழு, ஜெர்ரி ஜங்கின் தலைமையில் இயங்கிவந்த காலத்தில், ஜான் கோரிலியானோ என்னும் இசையமைப்பாளரிடம் ஒரு புதிய சிம்பொனியை எழுதித் தருமாறு வேண்டியது. கோரிலியானோ 1938ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தையாரோ நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் பல்லாண்டுகள் வயலின் கலைஞர்களின் தலைவராக அமர்ந்தவர். வயலின் மைந்தர் வயலின் வரிசையற்ற குழுவுக்குச் சிம்பொனி எழுத இசைந்தது வியப்புக்குரியதே. அப்போது அவர் புகழின் உச்சியில் இருந்தார். ஒரு திரைப்படத்தின் இசைக்காக ஆஸ்கர் விருதும், 2001ஆம் ஆண்டில் இரண்டாம் சிம்பொனிக்காகப் புலிட்சர் பரிசும் பெற்றிருந்தார். அத்தகையவர் மாணவர்களுக்காக எழுதியது எளிய பயிற்சிப் பாடம் அன்று. தேர்ந்த கலைஞரையும் திணறச் செய்யும் பெரும்படைப்பு.

அதுவே அவருடைய மூன்றாம் சிம்பொனி. 'சர்க்கஸ் மாக்சிமஸ்' என்பது அதன் பெயர். பண்டைய ரோமாபுரியில் பலடைன், அவென்டைன் என்னும் இரு குன்றுகளுக்கு இடையே, ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்தில் விரிந்திருந்த மாபெரும் பந்தயத் திடலின் பெயர் அது. தேர்கள் புழுதி பறக்கப் பாய, மக்கள் வெள்ளம் வெறிகொண்டு ஆர்ப்பரித்த இடம். அந்த ஆரவாரத்தை இக்காலக் கேளிக்கை வேட்கையோடு ஒப்பிட்டு நோக்குகிறார் இசையமைப்பாளர். கேளிக்கை பெருகப் பெருக அதன் வேட்கையும் பெருகும். நேற்றைய அதிர்ச்சி இன்றைக்குப் போதாது. ரோமாபுரி வீழ்ந்தது, வேட்கை வீழவில்லை.

2005ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் ஆஸ்டினில் இச்சிம்பொனி அரங்கேறியது. அதே மாதம் 27ஆம் நாள் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்திலும் இம்மாணவர்களே இசைத்தனர். ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடங்கள், இடைவிடாது தொடரும் எட்டுப் பகுதிகள். மேடையில் ஒரு குழு அமர்ந்திருக்க, அரங்கைச் சூழ்ந்து மாடங்களில் மற்றொரு குழு நிற்கும். ஒரு கட்டத்தில் அணிவகுப்புக் குழு ஒன்று அவையோரின் இருக்கைகளுக்கு இடையே இசைத்தவாறு நடந்து வரும். கேட்பவர் பார்வையாளராக எட்டி நிற்க வழியில்லை. திடலின் நடுவே அவரும் நிறுத்தப்படுகிறார்.

இங்கே மாணவர்கள் கடக்க வேண்டிய ஓர் இடரைக் கருதுங்கள். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 34 மீட்டர் தொலைவில் நிற்பவரை மேடையின் ஒலி பத்தில் ஒரு நொடி பிந்தியே அடையும். அதைக் கேட்டு அவர் ஊதினால், அவருடைய ஒலி மேடைக்குத் திரும்ப மேலும் பத்தில் ஒரு நொடி ஆகும். விரைந்து செல்லும் இசையில் அது பெரும்பிழை. ஆகவே தொலைவில் நிற்பவர் தம் செவி சொல்வதை ஒதுக்கி, நடத்துநரின் கையசைவை நம்ப வேண்டும். இத்தகைய ஒழுங்கு ஓரிரு நாளில் வாய்ப்பதன்று. தொழில்முறை இசைக்குழுக்கள் ஒரு நிகழ்ச்சிக்குச் சில ஒத்திகைகளே செய்ய இயலும். மாணவர் குழுவோ வாரக்கணக்கில் ஒரே படைப்பில் தோய முடியும். மூத்தோரிடம் இல்லாத செல்வம் ஒன்று மாணவரிடம் உண்டு. அது நேரம்.

2009ஆம் ஆண்டில் இக்குழுவின் இசை ஒலித்தட்டாக வெளிவந்தது. அதன் வழியேதான் நான் கேட்டேன். ஹெட்போனை அணிந்துகொண்டு, வேறு எவ்வேலையும் இன்றி, முதலிலிருந்து முடிவு வரை கேட்டேன். மூன்றாம் பகுதி தொலைக்காட்சியில் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டே செல்வதைச் சித்திரிப்பது. ஓர் இசை தொடங்கும். முடியுமுன் மற்றொன்று குறுக்கிடும். அதையும் வேறொன்று வெட்டும். கேட்கக் கேட்க என் இல்லம் என் கண்முன் வந்து நின்றது.

என் அன்னையார் மறைந்த பின்னர், எங்கள் வீட்டின் கூடத்தில் தொலைக்காட்சி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அடுக்களையில் பாத்திரம் உரசும் ஓசையும், பின்னிரவில் அவர் இருமும் ஓசையும் இல்லாத வெறுமையை எதிர்கொள்ள எங்களுக்குத் துணிவில்லை. அதனால் செய்தியும் பாட்டும் விளம்பரமும் அந்த வெறுமையை நிரப்பின. தந்தையார் கைக்கருவியைப் பிடித்தவாறே உறங்கிப்போவார். ஆரவாரத்தை விரும்புவோர் எல்லாரும் கேளிக்கைப் பித்தர்கள் அல்லர். அமைதிக்கு அஞ்சுவோரும் அவர்களுள் உளர் என்பதை அந்த மூன்றாம் பகுதி எனக்கு உணர்த்திற்று.

அதையடுத்து வருவது இரவிசை. மாந்தர் அடங்கிய பின் இயற்கை பேசும் இரவு அது. விலங்குகளின் குரல்கள் தொலைவில் எழுந்து மறைய, இடையிடையே அமைதி பரவும். பின்னர் நகரத்தின் இரவு வருகிறது, வேகம் ஏறுகிறது, ஆறாம் பகுதியில் அத்தனை குழுக்களும் ஒருங்கே முழங்க, ஆரவாரம் எல்லை கடக்கிறது. அது அடங்கியதும் ஏழாம் பகுதியாக எழுகிறது 'வேண்டுதல்'. நீண்டு செல்லும் ஒரு மெல்லிசை அமைதியை நாடுகிறது. முழக்கத்தை எதிர்த்து அது முழங்கவில்லை. முழக்கம் ஓயும் வரை காத்திருந்து பேசுகிறது. அன்றிரவு கூடத்துக்குச் சென்று தொலைக்காட்சியை அணைத்தேன். உறக்கம் கலைந்த தந்தையார், "ஏன் நிறுத்திட்டே?" என்றார். பின் சற்றுநேரம் கழித்து, அன்னையாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் பேசினார்.

ஆயினும் சிம்பொனி வேண்டுதலோடு நிறைவுறவில்லை. எட்டாம் பகுதியில் தொடக்கத்தின் முழக்கம் மீண்டும் தலைதூக்குகிறது. உச்சத்தில் ஒரு துப்பாக்கி வேட்டு வெடிக்க, அனைத்தும் முடிகிறது. குண்டில்லா வேட்டுதான், எனினும் நெஞ்சு ஒருகணம் நின்றுவிடுகிறது. அமைதியில் முடித்து நம்மை இல்லத்துக்கு அனுப்பியிருக்கலாமே என்று முதலில் எண்ணினேன். மீளவும் கேட்டபோது அம்முடிவின் நேர்மை விளங்கிற்று. அமைதி ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று. ஆரவாரம் மீண்டும் வாயிலில் வந்து நிற்கும். வேண்டுதலை நாள்தோறும் புதிதாய்த் தொடங்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! இம்மாபெரும் படைப்பை உலகுக்கு முதன்முதலாக ஒலித்துக் காட்டியவர்கள் உங்களையொத்த வயதினர். அவர்களுக்குமுன் அதை எவரும் இசைத்ததில்லை; கேட்டுப் பழக முன்மாதிரியும் இல்லை. தாளில் கிடந்த குறிகளுக்குத் தம் மூச்சை ஈந்து உயிரூட்டினர். கல்லூரி என்பது முன்னரே முடிந்தவற்றைப் பயிலும் இடம் மட்டுமன்று, புதியதொன்று முதன்முதலாக மூச்சு விடும் இடமுமாகும் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். நேரமென்னும் செல்வம் உங்கள் கையிலும் உண்டு. அதில் நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இறுதிவரை கேளுங்கள். அது ஓர் இசையாயினும் ஆகுக. இல்லத்து முதியவர் ஒருவரின் பேச்சாயினும் ஆகுக. செவிக்குக் கதவில்லை; காவல் நாம்தான் இருக்க வேண்டும்.