களஞ்சியம் திறந்த கொடும்பாளூர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கும் விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கொடும்பாளூர் வரும். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்த வழியைக் கூறும் சிலப்பதிகாரம், இவ்வூர்ப் பெருங்குளத்தருகே பாதை மூன்றாகப் பிரிந்ததைக் குறிப்பிடுகிறது. அன்று ஊரறிந்த வழித்துறையாக இருந்த தலத்தை, இன்று பலரும் பேருந்துச் சன்னல் வழியே கண்டபடி கடந்து போகின்றனர்.

இது இருக்குவேளிரின் தலைநகரம். சோழர்க்குத் துணை நின்று போரிட்டவர்கள். பெண் கொடுத்து உறவு பூண்டவர்கள். முதற் பராந்தக சோழரின் மைந்தர் அரிகுலகேசரியை மணந்த பூதி ஆதித்த பிடாரியார் இக்குலத்துச் செல்வியே. காவிரித் தென்கரையில் திருச்செந்துறைக் கற்றளியை எழுப்பியவர் அந்த அம்மையார்.

அத்தகைய குலத்தார் வாழ்ந்த மாளிகை எங்கே என்று தேடுபவருக்கு, நிற்கும் சுவர் ஒன்றும் அகப்படாது. எஞ்சியிருப்பவை இறைவனுக்கென்று அவர்கள் அமைத்தவையே. அவற்றுள் தலையாயது மூவர் கோயில். பூதி விக்கிரமகேசரி என்னும் வேளிர் தலைவர், தம் பெயராலும் தேவியர் கற்றளி, வரகுணை இருவர் பெயராலும் மேற்கு நோக்கிய மூன்று விமானங்களை ஒரே வரிசையில் எழுப்பினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பணி அது. நடு விமானமும் தென்புற விமானமும் நிற்கின்றன. வடபுறத்ததில் அடித்தளம் மட்டுமே உள்ளது. சுற்றிலும் இருந்த சிறு சந்நிதிகளும் மதிலும் அடித்தள வரிசைகளாகவே காட்சி தருகின்றன. மாலை வெயில் விமானங்களின் முகப்பில் விழும்போது, தேவகோட்டங்களில் உள்ள மூர்த்தங்களைக் கண்குளிரக் காணலாம்.

நடு விமானச் சுவரில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று கிரந்த எழுத்தில் உள்ளது. வேளிர் பரம்பரையையும், காளாமுக மரபைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் துறவியாருக்குப் பெரிய மடம் ஒன்று அளிக்கப்பட்டதையும், 50 தவசியர் அமுது செய்ய 11 ஊர்கள் விடப்பட்டதையும் அது கூறுகிறது. மூன்று விமானங்களுள் ஒன்று சரிந்தபோதிலும், இரு தேவியர் பெயரும் அந்தக் கல்லில் அழியாமல் இருக்கின்றன. மடம் மறைந்தது, சோறிட்ட செய்தி மறையவில்லை.

அன்னம் இடுதல் இவ்வூர்க்குப் புதிதன்று. அறுபத்து மூவருள் ஒருவரான இடங்கழி நாயனார் கொடும்பாளூரில் இருந்து ஆண்ட வேளிர் குலத்தவர். அடியார்க்கு நாள்தோறும் அமுது படைத்து வந்த அன்பர் ஒருவர், கைப்பொருள் முழுதும் தீர்ந்து, செய்வதறியாது, நள்ளிரவில் அரசரின் நெற்கொட்டாரத்துள் புகுந்தார். காவலர் பிடித்து மன்னர் முன் நிறுத்தினர். அடியாரை அமுது செய்விக்கும் பணி முட்டுப்பட்டதால் இவ்வாறு செய்ததாக அவர் உண்மையைக் கூறினார். தண்டிக்க வேண்டிய மன்னர் உள்ளம் உருகினார். தமக்கு உண்மையான கருவூலம் அந்த அன்பரே என்று உணர்ந்தார். நெல்லும் நிதியும் அடியார்கள் வேண்டியவாறு எடுத்துச் செல்லலாம் என ஊரெங்கும் பறையறைவித்தார்.

திருடன் என்று கொண்டுவரப்பட்டவரிடம் தொண்டரைக் கண்டவர் நாயனார். பூட்டிக் காத்த களஞ்சியம் இன்று இருந்த இடம் தெரியவில்லை. திறந்துவிட்ட களஞ்சியமோ, நாயன்மார் திருவுருவங்கள் உள்ள சிவாலயந்தோறும் நாயனாரோடு சேர்த்து வணங்கப்படுகிறது. கொடும்பாளூரின் இடிபாடுகளுக்கிடையே நிற்கும் அன்பர் உள்ளத்தில், தம் வீட்டு அரிசிப் பானையின் நினைவு வராமல் இராது.

மூவர் கோயிலில் இப்போது வழிபாடு இல்லை. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. அருகிலேயே முசுகுந்தேசுவரர் ஆலயம் இருக்கிறது. இருக்குவேளிர் காலத்துக் கற்றளியான அங்கு ஈசனைத் தரிசித்து வழிபாட்டை நிறைவு செய்யலாம். மலையேற்றம் இல்லை, ஆனால் வெயிலில் கல் சுடும் என்பதால், முதியோர் காலையிலோ மாலையிலோ செல்வது நலம். ஐப்பசித் திங்கள் கார்த்திகை நட்சத்திரம் இடங்கழி நாயனாரின் குருபூசை நாள். அன்று கொடும்பாளூர் செல்ல இயலாதவர்கள், பசித்து வந்த ஒருவருக்கு இல்லத்திலேயே ஒரு பிடி அன்னம் இட்டாலும் நாயனார் திருவுள்ளம் மகிழும்.