சிவப்பு ஐசி, நீல ஐசி

தெலுக் இந்தான்,
சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள்.

அன்புள்ள நண்பா,

தண்டாயுதபாணி கோயில் திருவிழாக் கூட்டம் இன்னும் கலையவில்லை. 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தமிழ்க் குரல்தான். பேராக் ஆற்றங்கரையில் நடந்தேன். இதையெல்லாம் விரிவாக எழுத இருந்தேன். ஆனால் நேற்றிரவு கேட்டவைதான் மனம் முழுக்க நிற்கின்றன.

நான் தங்கியிருக்கும் வீட்டுப் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவி, அங்கேயே ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். இந்த மாநிலத்தை விட்டு வெளியே போனதே அரிது. அவர் கையில் இருப்பது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாகக் குடியிருக்கலாம், ஓட்டுப் போட முடியாது, கடவுச்சீட்டும் கிடையாது. பிள்ளைகளுக்கெல்லாம் குடிமக்களுக்கான நீல ஐசி. 1957இல் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தபோது, நெடுநாள் குடியிருந்தவர்களில் பலர் மலாய்த் தேர்வு எழுதாமலே குடியுரிமைக்கு மனுச் செய்ய ஓராண்டு கொடுத்தார்கள். சேதி எட்டாத லயங்கள் எத்தனையோ. “அப்பா பேர் குடுக்கலையா, அதோட போச்சு” என்றார் பாட்டி. 1962இல் உங்கள் காரைக்கால் முறைப்படி இந்தியாவோடு இணைந்தபோது உன் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்து கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. அந்த ஒரு கையெழுத்தில்தான் இன்று நீ ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறாய்.

சிவப்பு ஐசியின் பாரம் 1969இல்தான் முழுதாகத் தெரிந்தது. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டங்களை உலுக்கியது. ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஊரே தெரியாமல் இங்கு பிறந்து வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. காரைக்காலுக்குப் பக்கத்தில், நாகப்பட்டினத்தில் வந்து இறங்கிய குடும்பங்களைப் பற்றி உன் அம்மாவே சொல்லியிருக்கிறார்.

இந்த வீட்டின் மருமகள் தஞ்சாவூர்க்காரர். அவரிடம் இருப்பது சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. குடிநுழைவுத் துறை தரும் நீண்டகால விசிட் பாஸ். காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் கணவர் கூடவே போய் நிற்க வேண்டும். வேலைக்குப் போக தனி அனுமதி. நிரந்தர வசிப்புக்கு மனுப் போடவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அரசின் விருப்பம். “அவரோட சண்டைன்னா பாஸோடவும் சண்டைதாண்ணே” என்றார். கல்யாணத்தில் ஒருத்தியின் இருப்பே கணவன் கையெழுத்தில் தொங்குவது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

ஐரோப்பியக் குடியுரிமை இல்லாத உன் மனைவிக்கு ஐரோப்பாவில் வேறு கதை. 2004/38 என்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, நீ பிரெஞ்சுக் குடிமகனாக ஜெர்மனியில் வேலை பார்த்தால், உன்னோடு வாழ்வதும் வேலை செய்வதும் அவளுக்கு உரிமை. வசிப்பு அட்டை அந்த உரிமைக்கு அத்தாட்சி, அவ்வளவே. ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்தால் நிரந்தர வசிப்பு. மணமுறிவே வந்தாலும், மூன்றாண்டு நிலைத்து அதில் ஓராண்டு அந்த நாட்டில் கழிந்த மணம் என்றால், சட்டம் சொல்லும் நிபந்தனைகளோடு அவள் அங்கேயே இருக்கலாம். இங்கும் சட்டம் இப்படித்தான் எழுதப்பட வேண்டும்.

இங்கு சட்டம் மாறாமலும் இல்லை. மலேசிய மக்களவை 2024 அக்டோபரில் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு, தந்தையர்போலவே பிள்ளைக்குக் குடியுரிமை வழங்கும் உரிமையை அது தருகிறது. அது பெரிய வெற்றி. ஆனால் அதே திருத்தம், பெற்றோர் வெறும் நிரந்தர வசிப்பாளர்களாக இருந்தால் இங்கு பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிடுகிறது. பாட்டியின் பிள்ளைகள் எந்த வழியில் நீல ஐசி பெற்றார்களோ, அந்த வழியை அடைக்கிறார்கள். இது தவறு என்று இங்கே சந்தித்த எல்லோரிடமும் சொன்னேன்.

நீ ஜெர்மனிக்குப் போனதும் மனைவியின் அட்டைக்கு மனுக் கொடுப்பதைத் தள்ளிப்போடாதே. மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதால் அவளுக்கு அட்டை கட்டாயம். மனுக் கொடுத்த அன்றே அதற்கான சான்றைக் கேட்டு வாங்கு. அதைத் தந்தாக வேண்டும். அட்டையை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். திருமணச் சான்றிதழின் மூலத்தையே கையில் கொண்டு போ.

அன்புடன்,
உன் நண்பன்