ஆயிரத்துக்குப் பத்து

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கோவை துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெரு. அதில் ஒரு செல்போன் கடை. ரீசார்ஜ், ஜெராக்ஸ், பணம் அனுப்புதல் மூன்றும் தமிழிலும் இந்தியிலும் எழுதப்பட்டிருக்கின்றன. எதிர் பேக்கரியின் பெஞ்சில் டீ கிளாஸோடு உட்கார்ந்தால் கடை முழுக்கத் தெரிகிறது, பேசுவதும் கேட்கிறது.

வரிசையில் எல்லாரும் இளவட்டங்கள். தீபாவளி நெருங்குகிறது; பட்டறைகளில் போனஸ் போட்டாயிற்று. குளித்துத் தலைவாரி, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டு வந்திருக்கிறார்கள். ஆனாலும் ஃபவுண்டரிப் பையன்கள் தனியாகத் தெரிகிறார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணின் கருமணல் போவதில்லை. லேத் பட்டறைப் பையன்களின் முன்கையில் சூடான இரும்புத் துகள் தெறித்த புள்ளிகள். இந்தியாவில் தயாராகும் பம்ப்செட்டுகளில் ஏறத்தாழப் பாதி கோவை வட்டாரத்துடையது என்பார்கள். அதில் கணிசமானவை இப்போது இந்தக் கைகளைத் தாண்டித்தான் போகின்றன.

"கித்னா?" என்கிறார் கடைக்கார அம்மா.

"பாஞ்ச் ஹஜார்."

நோட்டுகளை இரண்டு தடவை எண்ணுகிறார். போன் நம்பர், ஆதார், ஓடிபி. ரிசர்வ் வங்கி 2024 நவம்பரிலிருந்து விதியை இறுக்கியபிறகு, அடையாளம் காட்டாமல் இந்த வழியில் பணம் நகராது. கூலி ஆயிரத்துக்குப் பத்து. ஐயாயிரத்துக்கு ஐம்பது ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கிறான் பையன். பட்டன் அழுத்திய கொஞ்ச நேரத்தில் அவன் போன் அடிக்கிறது. பீகாரில், மதுபனிப் பக்கம், யாரோ மெசேஜ் பார்த்துவிட்டார்கள். "ஆ கயா?" என்று கேட்டுச் சிரிக்கிறான்.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்துக்குக் கணக்கு உண்டு. 2024-ல் சுமார் 12,900 கோடி டாலர், உலகிலேயே முதலிடம் என்றது உலக வங்கி. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. துடியலூரிலிருந்து மதுபனிக்குப் போகும் ஐயாயிரம் அந்தக் கணக்கில் சேராது. அதுவும் ஓர் ஓட்டு வீட்டுக்குத் தளம் போடும், ஒரு தங்கையின் கல்யாணக் கடனை அடைக்கும்; கொட்டை எழுத்து மட்டும் கிடைக்காது.

மொபெட்டை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் வருகிறார். வேட்டி, சட்டைப் பையில் வெர்னியர். லேத் பட்டறை முதலாளி. வரிசையைச் சுற்றிக்கொண்டு நேராக முன்னால் போய் நிற்கிறார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"பையன் எப்படி இருக்கான் அம்மிணி?"

"துபாய்லதானுங்ணா. போன வாரங்கூட அனுப்பிச்சுட்டான். மேல ஒரு ரூம் எடுக்கறமுங்."

"நல்லதாப் போச்சு. பொழைக்கத் தெரிஞ்ச பையன்." வரிசையைத் திரும்பிப் பார்க்கிறார். "இங்க பாரு, நம்மூர்க் காசெல்லாம் மூட்டை மூட்டையா வடக்க போகுது."

அந்த அம்மா நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ற பையன் அனுப்பறது எந்த ஊர்க் காசுங்ணா?"

பெரியவர் கொஞ்சம் யோசிக்கிறார். "அது வேற அம்மிணி."

என்ன வேறு என்று அவர் சொல்லவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை.

வரிசையின் நடுவில் நிற்பவன் அவர் பட்டறைப் பையன் போலிருக்கிறது. அவன் தோளில் கை போடுகிறார். குரல் இறங்கிவிடுகிறது.

"சட் பூஜை முடிஞ்சதும் வந்துருவியல்லொ கண்ணு? ஆளில்லாம ரெண்டு மிசின் சும்மா நிக்குது. வரும்போது உன்ற தம்பியையும் கூட்டீட்டு வா."

மூன்று வருஷமோ நாலு வருஷமோ இங்கே இருந்திருப்பான். தமிழ் நன்றாகவே வருகிறது.

"வரும் முதலாளி. தம்பிக்கு எவ்ளோ சம்பளம்?"