சாம்பல் பூத்த கறுப்பு

கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டிற்குப் புதிய மீடியா பிளேயர் வந்தது. பாட்டிக்காக, 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’ படத்தைப் போட்டேன். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால், கறுப்பையே காணோம். சிவாஜியின் தலைமுடிகூடச் சாம்பல் பூசியதுபோல் வெளிறியிருந்தது.

“கண்புரை மறுபடியும் வந்துவிட்டது போலிருக்கிறது, ஐயா,” என்றார் பாட்டி. போன ஆண்டுதான் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. “எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, பாட்டி,” என்றேன். அவர் நம்பவில்லை.

ஒளியளவைக் குறைத்தேன், முகங்களும் இருண்டன. கேபிளை மாற்றினேன், பயனில்லை. பிறகுதான் தொலைக்காட்சியின் வண்ண வீச்சு அமைப்பைக் கவனித்தேன். திரைப்படப் பதிவுகளில் பொதுவாகக் கறுப்பின் எண் 16. வெள்ளையின் எண் 235. கணினித் திரையிலோ அவை 0, 255. பிளேயர் 16 என்று அனுப்பிய கறுப்பை, முழு வீச்சில் இருந்த எங்கள் தொலைக்காட்சி சாம்பல் நிறமாகப் புரிந்துகொண்டது. இது தலைகீழாக நடந்தால் நிழற்பகுதிகள் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும்.

தொலைக்காட்சியைக் குறுகிய வீச்சுக்கு மாற்றினேன். பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்தார்.

“முடி கறுப்பாகிவிட்டதே! முதலிலிருந்து போடு, ஐயா.”