இரண்டு அடுப்புகள்

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஓர் இரவு ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தாள். "உங்க அண்ணன் தனியாப் போயிட்டான். அடுத்த தெருவுலதான் வீடு. அடுப்பு வேற ஆயிட்டு" என்றாள். திருநெல்வேலிக்கும் தில்லிக்கும் இடையே உள்ள தூரம் அன்றுதான் எனக்கு முழுமையாகத் தெரிந்தது. குற்றம் யாருடையது என்பதில் ஐயமே எழவில்லை. மதினிதான், வேறு யார்? தீபாவளிக்கு அவர் அழைத்தபோது நான் தொலைபேசியை எடுக்கவில்லை. பொங்கலுக்கும் எடுக்கவில்லை.

இரசாயனம் படிக்கிறவனுக்குச் சமூகவியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். என் அறைத் தோழர் அத்துறை மாணவர். என் புலம்பலைப் பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் ரத்தன் டாட்டா நூலகத்துக்கு அழைத்துச் சென்று, நாலைந்து நூல்களை என் முன்னே போட்டார்.

முதலில் அகப்பட்டவர் அமெரிக்க அறிஞர் டால்காட் பார்சன்ஸ். 1955-இல் ராபர்ட் பேல்ஸ் முதலியோருடன் சேர்ந்து எழுதிய நூலில், குழந்தையைச் சமூகத்துக்குப் பழக்குவதும், பெரியவர்களின் மனத்தை நிலைநிறுத்துவதும் குடும்பத்தின் தலையாய பணிகள் என்கிறார். கணவன் வெளியே பொருளீட்டுவான். மனைவி உள்ளே அன்பைப் பேணுவாள். சமன்பாடு இரு புறமும் ஒத்து வந்தது! மதினி தம் பங்கைச் செய்யவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அவர் தொழில் யுகத்துக்குப் பொருத்தம் என்று கண்டதே தனிக்குடும்பத்தைத்தான் என்பதை வசதியாக மறந்துபோனேன்.

நிற்க. ஐ. பி. தேசாய் குஜராத்திலுள்ள மகுவா என்னும் ஊரை ஆராய்ந்து 1964-இல் வெளியிட்ட நூல் என்னைத் தடுமாறச் செய்தது. ஒரே கூரையின் கீழ் வாழ்வதை மட்டும் வைத்துக் கூட்டுக் குடும்பத்தை அளக்கலாகாது. சொத்து, வருமானம், ஒருவருக்கொருவர் உள்ள கடமை ஆகியவற்றையும் பார்க்கவேண்டும் என்கிறார் அவர். ஏ. எம். ஷாவோ 1973-இல் இல்லம் வேறு, குடும்பம் வேறு என்றே பிரித்துக் காட்டினார். அப்படியானால் எங்கள் வீட்டில் பிரிந்தது எது? அப்பாவின் மருந்துச் செலவு யாருடையது? மாதந்தோறும் ஐந்தாம் தேதி என் விடுதிக் கட்டணம் எங்கிருந்து வருகிறது? கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அனுப்பியவர் பெயர் ஒவ்வொரு மாதமும் மதினியின் பெயராக இருந்தது. புரட்டாசிக்குப் பின்னும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

பங்குனியில் ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டிலும் ஒரு வேலை நேரம் காத்திருக்கிறது என்று ஆர்லி ஹாக்ஷீல்டு 1989-இல் எழுதியதைப் படித்திருந்தேன். 2019-இல் நம் நாட்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஆய்வுக்கூடப் பழக்கம் விடுமா? சிறு ஏடு ஒன்றில் குறிக்கத் தொடங்கினேன். காலை 4.45 எழுந்தார். 8.15 பள்ளிக்கூடத்துக்குப் பேருந்து. மாலை 5.30 திரும்பினார். 6.30 அம்மா வீட்டுக்குக் குழம்புத் தூக்கு.

"என்ன தம்பி, பரிசோதனையா?" என்று பின்னால் குரல் கேட்டது.

"சும்மாதான் மதினி."

"அண்ணனையும் எழுதிக்கிடுங்க. சீக்கிரம் முடிஞ்சிரும்."

பிறகு அவராகவே சொன்னார்: "எட்டுப் பேருக்குச் சமைச்சு வச்சிட்டு முதல் மணிக்குப் போய்ச் சேர முடியல. ஒரு நாள் படியில மயங்கி உக்காந்துட்டேன். அத்தைதான் தனியாப் போய் இருங்கன்னு சொன்னாங்க. உங்ககிட்ட அதைச் சொல்ல அவங்களுக்கு மனசு வரல போல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் துருவலையும் ஒரு தேங்காய் மூடியையும் என் முன் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். துருவி முடிக்கப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. ஒரு விரலில் காயம். அதையும் ஏட்டில் குறித்துக்கொண்டேன்.